நாற்பத்தைந்து மட்ச்சும் மிச்ச இருபது வருடமும்

வில்லி ஓரீ பற்றிக் கதைக்கிற எல்லாரும் ஒரு திகதியில்தான் தொடங்குவார்கள்: 1958 ஜனவரி 18. அன்றைக்கு மொன்றியல் நகரில், பொஸ்ரன் ப்ரூயின்ஸ் அணிக்காகப் பனித்தளத்தில் இறங்கினார். வட அமெரிக்காவின் உச்ச ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.இல் விளையாடிய முதல் கறுப்பின வீரர் அவர். பொஸ்ரன் 3–0 என்று வென்றது. அடுத்த நாளும் ஒரு மட்ச். பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1960–61 பருவத்தில் மறுபடி கூப்பிட்டு 43 மட்ச் ஆடவிட்டார்கள். மொத்தம் 45 மட்ச், 4 கோல், 10 அசிஸ்ட். அவ்வளவுதான் கணக்கு.

இந்தக் கணக்கோடு நிறுத்தினால் அவரைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் எங்களுக்குப் படுகிறது. ஓரீ அடிப்படையில் ஒரு மைனர் லீக் வீரர். அங்கேதான் அவருடைய வாழ்க்கை கழிந்தது.

மைனர் லீக் என்றால் பொழுதுபோக்கு ஆட்டம் இல்லை. சம்பளத்துக்கு ஆடுகிற தொழில்தான். மேலே உள்ள லீக்குக்கு ஆட்களைத் தயார் பண்ணி அனுப்புகிற இடம், மேலே இடம் இல்லாதவர்கள் தேங்கி நிற்கிற இடமும் அதுவே. 1967 வரை என்.எச்.எல்.இல் இருந்தது ஆறே ஆறு அணிகள். ஒவ்வொன்றிலும் இருபது பேர் மட்டில். கனடா முழுக்க ஸ்கேற்ஸ் கட்டி வளர்ந்த பொடியன்களுக்குச் சுமார் நூற்றிருபது இடம் என்று யோசித்துப் பாருங்கோ. வெள்ளைக்கார வீரர்களே நூற்றுக்கணக்கில் கீழேயே கிடந்து காலம் முடித்தார்கள். கறுப்பு வீரருக்கு அந்த வாசல் இன்னும் ஒடுக்கம். ரொறன்ரோவில் பிறந்த ஹேர்ப் கார்னகி, ஓரீக்கு ஒரு தலைமுறை முந்தியவர், கியூபெக்கில் பேர்போன ஆட்டக்காரர். 1948இல் நியூயோர்க் ரேஞ்சர்ஸ் பயிற்சி முகாமில் அவருக்குக் கிடைத்தது மைனர் லீக் ஒப்பந்தம் மட்டுமே. கியூபெக்கில் அதைவிடக் கூடச் சம்பளம் வாங்கியதால் வேண்டாம் என்று திரும்பிவிட்டார். என்.எச்.எல்.இல் ஒரு மட்ச்கூட ஆடவில்லை. புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தது 2022இல், அவர் செத்துப் பத்து வருடம் கழித்து.

ஓரீ 1935இல் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் ஃபிரெடரிக்டன் நகரில் பிறந்தவர். பதின்மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி. 1955–56இல் ஜூனியர் லீக்கில் ஆடும்போது பக் வந்து முகத்தில் அடித்தது. பக் என்பது பந்துக்குப் பதிலாக அடிக்கிற கெட்டியான இறப்பர் வட்டு. அந்தக் காலத்தில் தலைக்கவசமோ முகக்கவசமோ போடுகிற வழக்கம் இல்லை. வலது கண் பார்வை கிட்டத்தட்ட முழுசாகப் போய்விட்டது. இனி ஹொக்கி வேண்டாம் என்றார் வைத்தியர். ஒற்றைக் கண்காரரை என்.எச்.எல். விதி சேர்க்காது. ஓரீ என்ன செய்தார்? வெளியே மூச்சு விடவில்லை. சில கிழமைகளில் மறுபடி பனியில் இறங்கினார். அடுத்த வருடமே கியூபெக் ஏசஸ் அணியில் தொழில்முறை வீரர்.

ஓரீ ஆடியது இடது விங். இடப்பக்கமாக ஓடுகிற முன்கள வீரருக்கு நடுவீரரிடமிருந்து பக் வருவது வலப்பக்கத்திலிருந்து. அவருக்குக் குருடான கண்ணும் வலது. வருகிற பக்கைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை முழுக்க வலது தோளுக்கு மேலாகத் திருப்பி இடது கண்ணால் பார்க்க வேண்டும். தலை திரும்புகிற அந்த நொடியில்தான் எதிராளி வந்து மோதுவான். என்.எச்.எல்.இன் 45 மட்ச்சையும் இப்படித்தான் ஆடினார். சிக்காகோவில் எதிரணி வீரர் ஒருவர் மட்டையின் முனையால் முகத்தில் குத்தி முன்பற்களை உடைத்தார், மூக்கையும் உடைத்தார். பார்வையாளர்கள் கத்திய இனவெறி வார்த்தைகள் வேறு. 4 கோல் என்று எழுதும்போது இதையும் பக்கத்தில் எழுதத்தான் வேணும்.

1961இல் பொஸ்ரன் அவரை மொன்றியலுக்குக் கைமாற்றியது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அந்தக் காலத்து வீரருக்கு அப்படி ஒரு உரிமையே கிடையாது. மொன்றியலில் ஏற்கெனவே நட்சத்திரங்கள் நிறைந்து வழிந்தார்கள். கொஞ்ச நாளில் அவரை மேற்குக் கரைக்கு, லொஸ் ஏஞ்சல்ஸ் பிளேட்ஸ் அணிக்கு விற்றுவிட்டார்கள். பனியே விழாத ஊரில் ஐஸ் ஹொக்கி!

அங்கே பயிற்சியாளர் அவரை வலது விங்குக்கு மாற்றினார். கண் விஷயம் தெரிந்து மாற்றவில்லை, அணியில் இடது விங் ஆட்கள் கூடிப்போனதுதான் காரணம். ஆனால் இப்போது பக் வருவது இடப்பக்கத்திலிருந்து, அதாவது நல்ல கண் இருக்கிற பக்கத்திலிருந்து. 1964–65 பருவத்தில் 38 கோல் அடித்தார். நாலு வருடம் முந்தி இந்த மாற்றம் பொஸ்ரனில் நடந்திருந்தால் என்ற கேள்வி எங்களை விடுவதாயில்லை. அதே நேரம், ரகசியத்தைச் சொல்லியிருந்தால் பொஸ்ரனே கிடைத்திருக்காது.

1967இல் என்.எச்.எல். பன்னிரண்டு அணியாக விரிந்து லொஸ் ஏஞ்சல்ஸுக்கே வந்தது. ஓரீ வாழ்ந்த ஊருக்கே பெரிய லீக் வந்துவிட்டது, ஆனால் கூப்பிட்டது அவரை இல்லை. பிளேட்ஸ் அணி மூடப்பட்டது. அப்போது அவருக்கு 31 வயது. தெற்கே சான் டியேகோ கல்ஸ் அணிக்குப் போனார். 1968–69இல் மறுபடியும் 38 கோல்.

பத்திரிகைகள் அவரை 'ஹொக்கியின் ஜாக்கி ரொபின்சன்' என்றன. இந்த ஒப்பீட்டில் எங்களுக்குச் சம்மதமில்லை. பேஸ்போலில் ரொபின்சன் 1947இல் நுழைந்த அதே வருடமே வேறு கறுப்பு வீரர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். ஹொக்கியில் ஓரீ வெளியேறிய பிறகு அடுத்த கறுப்பு வீரரான மைக் மார்சன் வாஷிங்டனுக்கு ஆட 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று வருடம்! ஒருத்தர் உள்ளே போய் வந்துவிட்டார், இனித் தடை இல்லை என்று லீக் சொல்லிக்கொள்ளலாம். வாசலோ சாத்தினபடியேதான் இருந்தது. அந்தப் பதின்மூன்று வருடமும் ஓரீ எங்கும் தொலைந்துபோகவில்லை. சியாட்டில், போட்லண்ட், வான்கூவர் என்று மேற்குக் கரை முழுக்க, எல்லாரும் பார்க்கிற இடத்தில் கோல் அடித்துக்கொண்டுதான் இருந்தார்.

மார்சன் வந்த அதே 1974இல் ஓரீயின் மேற்கு லீக் கலைக்கப்பட்டது. ஆனாலும் மனுசன் ஸ்கேற்ஸைக் கழற்றவில்லை. கடைசிப் பருவம் 1978–79, சான் டியேகோ ஹோக்ஸ் அணிக்கு. வயது 43.

புகழ் மண்டபம் அவரை 2018இல் எடுத்தது. பொஸ்ரன் அவருடைய 22ஆம் இலக்கச் சட்டையை அரங்கக் கூரையில் ஏற்றியது 2022 ஜனவரி 18இல், முதல் மட்ச் ஆடி 64 வருடம் கழித்து. சான் டியேகோ அவருடைய 20ஆம் இலக்கத்தை அதற்கு முந்தியே ஏற்றிவிட்டது.