ஆட்டம் முடிந்த பிறகு

விளையாட்டுக்கள் பெரும்பாலானவற்றில் ஆரவாரம் ஆட்டத்தோடு பிறந்து ஆட்டத்தோடே அடங்கிவிடும். வென்றவர்கள் ஒரு திசையிலும் தோற்றவர்கள் மற்றொரு திசையிலும் கலைந்து போவார்கள். சதுரங்கத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. இரண்டு பேர் நாலைந்து மணி நேரம் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பாராமல், பேச்சினால் எதிரியின் சிந்தனையைக் கலைப்பது விதிப்படியே குற்றமாகையால் வாயும் திறவாமல் போராடுவார்கள். கடைசியில் ஒருவர் கையை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டதுமே அந்த மௌனம் உடைந்து, கலைந்த காய்களை இருவருமாகச் சேர்ந்து மறுபடி அடுக்கி, "இந்த இடத்தில் குதிரையை நகர்த்தியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?" என்று சம்பாஷணையைத் தொடங்கிவிடுவார்கள். செஸ்காரர்கள் இதைப் 'போஸ்ட்மார்ட்டம்' என்பார்கள். தன்னைத் தோற்கடித்தவரிடமே தன் தவற்றுக்குக் காரணம் கேட்பதும், வென்றவர் தாம் எந்த இடத்தில் பயந்தார் என்பதை ஒளிக்காமல் சொல்வதும் இங்கே சர்வ சாதாரணம். சாம்பியன்களின் பெயர்களையும் அவர்கள் ஆடிய ஆட்டங்களையும் சரித்திர நூல்கள் விரிவாகக் குறித்து வைத்திருக்கின்றன. அந்தச் சாம்பியன்களை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட இந்த மனம் திறந்த பேச்சுக்கும் ஒரு சரித்திரம் உண்டு.

அதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிஸ் நகரத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். பாலே ருவாயால் அரண்மனைக்கு அருகே இருந்த 'கஃபே த லா ரேஜான்ஸ்' என்ற காப்பிக் கடையில், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்களும் அக்காலத்துத் தத்துவ ஞானிகளும் ஒரே கூரையின் கீழ் கூடினார்கள். ரூஸோ அங்கே ஆடியிருக்கிறார். கலைக்களஞ்சியத்தைத் தொகுத்த தீதெரோ, ஆட்டத்தை வேடிக்கை பார்ப்பதற்கென்றே அங்கே போய் அமர்வதுண்டு. அந்தக் கடையில் லெகால் என்னும் ஆட்டக்காரரிடம் பாடம் கற்றுப் பின்னர் குருவையும் மிஞ்சியவர் ஃபிலிடோர். இவர் தொழிலால் சங்கீத வித்வான். இசை நாடகங்கள் இயற்றிப் புகழ் பெற்றவர். 1749ல் இவர் வெளியிட்ட சதுரங்க நூல், சாதாரணச் சிப்பாய்களை ஆட்டத்தின் ஜீவநாடியாகக் கருதும் புதிய நோக்கை உலகத்துக்கு அளித்தது.

பலகையைப் பாராமலே, ஒரே சமயத்தில் பல பேரோடு, மனக்கண்ணிலேயே காய்களை நிறுத்தி ஆடும் வித்தையை ஃபிலிடோர் லண்டனில் பெரிய மனிதர்கள் முன்னிலையில் செய்து காட்டி வந்தார். இச்செய்தி பாரிஸுக்கு எட்டியபோது தீதெரோவுக்கு மகிழ்ச்சியைவிடக் கவலையே அதிகமாயிற்று. 1782ல் அவர் தம் நண்பருக்கு எழுதிய கடிதம், விளையாட்டையும் வாழ்க்கையையும் பற்றி ஒரு சிநேகிதன் மற்றொரு சிநேகிதனுக்குக் கூறிய புத்திமதிகளில் தலைசிறந்த ஒன்று. சில நபர்களின் கைதட்டலுக்காக அறிவையும் இசைத் திறமையையும் பணயம் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்பதை அவர் ஒளிவு மறைவின்றி எழுதியதோடு நிற்கவில்லை. குருவாகிய லெகாலையே நேரில் கண்டு அபிப்பிராயம் கேட்டு அதையும் சேர்த்து அனுப்பினார். தாம் இளமையில் ஒரே ஒரு தடவை பலகையைப் பாராமல் ஆடிப் பார்த்ததாகவும், ஆட்ட முடிவில் மூளை அடைந்த களைப்பைக் கண்டு அஞ்சி, அதுவே முதலும் முடிவுமாக அதைக் கைவிட்டதாகவும் அந்தக் கிழவர் சொல்லியிருந்தார். ஃபிலிடோர் அந்த யோசனையை ஏற்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியினால் ஊர் திரும்ப முடியாமல் 1795ல் லண்டனிலேயே காலமாகும் வரையில் அந்த வித்தையைக் காட்டி வந்தார். நண்பர்கள் பயந்தபடி அவருக்குச் சித்தம் கலங்கவும் இல்லை. ஆயினும், குருவும் நண்பரும் முகஸ்துதி செய்யாமல் தம் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடலாம் என்ற சுதந்திரம் அந்தக் காப்பிக் கடையில் நிலைபெற்றுவிட்டது என்பதற்கு அக்கடிதம் சாட்சி.

நம் நாட்டுத் திண்ணைச் சதுரங்கத்திலோ பேச்சுக்குத் தட்டுப்பாடு என்றுமே இருந்ததில்லை. சிப்பாய் முதல் நகர்வில் ஒரு கட்டமே போகலாம், ராஜா ஒரு தடவை மட்டும் குதிரையைப்போல் தாவலாம் என்பன போன்ற உள்நாட்டு விதிகளின்படி ஆடும் இருவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, ஆட்டம் நடக்கும்போதே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஐரோப்பிய முறை ஆட்டமும் அதைச் சேர்ந்த ஆராய்ச்சியும் சென்னைக்கு வந்ததும் ஆச்சரியப்படத்தக்க அளவுக்குப் பழைய செய்திதான். 1828ல் சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே கடித மூலமாகச் சதுரங்கப் போட்டி நடந்தது. சென்னைவாசியான குலாம் காஸிம் என்பவரும் ஜேம்ஸ் காக்ரேன் என்ற ஆங்கிலேயரும் கூட்டாகச் சேர்ந்து, அந்த ஆட்டங்களையும், காயைப் பலி கொடுத்து ஆடும் ஒரு தொடக்க முறையைப் பற்றிய விரிவான ஆராய்ச்சியையும் 1829ல் சென்னையிலேயே புத்தகமாக வெளியிட்டார்கள். ஆளுகிறவர் இனத்தைச் சேர்ந்த ஒருவரும் ஆளப்படுகிறவர் இனத்தைச் சேர்ந்த ஒருவரும் பலகைக்கு இருபுறமும் சமமாக அமர்ந்து பிழை திருத்திக்கொண்டதற்கு, அக்காலத்தில் இதைப் போன்ற உதாரணங்கள் அதிகம் இரா.

இந்தப் பழக்கத்தை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கியவர்கள் சோவியத் ருஷியர்கள். மின்சாரப் பொறியியலில் நிபுணரும் 1948ல் உலக சாம்பியன் ஆனவருமான மிகயீல் பொட்வின்னிக், ஒவ்வோர் ஆட்டக்காரனும் தன் ஆட்டங்களுக்குத் தானே உரை எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டு, மற்றவர்களின் கண்டனத்துக்கு அதை உட்படுத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் துர்க்குணத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை என்பது அவருடைய கொள்கை. 1963 முதல் அவர் நடத்திய பள்ளியில் கார்ப்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூன்று பிற்கால உலக சாம்பியன்கள் பயின்றார்கள். சிறுவன் கார்ப்போவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இவனுக்கு இந்தத் துறையில் எதிர்காலமே இல்லை என்று பொட்வின்னிக் சொன்னார் என்ற கதை பிரசித்தம். குருவின் வாக்கு முழுவதும் பொய்த்து, 1975ல் அந்தச் சிறுவனே உலக சாம்பியன் ஆனான். வெளிப்படையாகப் பேசுகிறவர் எப்போதும் சரியாகவே பேசுவார் என்ற நியதி இல்லை. சொன்னதைக் கேட்டுச் சோர்ந்துவிடாமல் ஆராய்ந்து பார்ப்பது சிஷ்யனுடைய பொறுப்பு.

பொட்வின்னிக்கை 1960ல் தோற்கடித்துச் சாம்பியன் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டே அவரிடம் அதைப் பறிகொடுத்தவர், ரீகா நகரத்தில் பிறந்த மிகயீல் தால். குருநாதர்களின் கண்டிப்பு பொட்வின்னிக்கிடம் இருந்தது என்றால், சிநேகிதர்களின் உல்லாசம் தாலிடம் இருந்தது. தம் வாழ்க்கையையும் ஆட்டங்களையும் பற்றி அவர் எழுதிய நூலே, ஒரு பத்திரிகைக்காரரும் ஒரு சதுரங்க வீரரும் பேசிக்கொள்ளும் சம்பாஷணை வடிவத்தில் அமைந்திருக்கிறது. வாசியுகோவ் என்ற வீரரோடு ஆடும்போது, குதிரையைப் பலி கொடுக்கலாமா என்று கணக்கிட்டுக் கணக்கிட்டுத் தலை சுற்றிப்போன நிலையில், சேற்றில் அகப்பட்ட நீர்யானையை வெளியே இழுப்பது எப்படி என்ற விபரீதமான யோசனை ஒன்று குழந்தைப் பாட்டு மூலமாகத் தம் மனத்தில் புகுந்துகொண்டதென்றும், நெடுநேரம் அதிலேயே கழிந்தபின் நீர்யானையைக் கைவிட்டு, உள்ளுணர்வை நம்பிக் குதிரையைப் பலி கொடுத்ததாகவும் அதில் அவர் சொல்லுகிறார். நாற்பது நிமிஷம் கவனமாகக் கணக்கிட்டுத் தால் பிழையில்லாத தியாகம் செய்தார் என்று மறுநாள் பத்திரிகையில் வந்ததாம்! தம் மேதைமையின் மேல் உலகம் போர்த்திய பொன்னாடையைத் தாமே சிரித்துக்கொண்டு விலக்கிக் காட்டும் இந்த நேர்மைதான் அவரைச் சதுரங்க உலகம் அனைத்துக்கும் பிரியமானவராகச் செய்தது.

அப்பேர்ப்பட்டவருடைய பெயரைச் சென்னையில் ஒரு கிளப்புக்குச் சூட்டியது விசேஷப் பொருத்தம். 1972ஆம் ஆண்டில், சோவியத் கலாசார மையத்தில், தால் செஸ் கிளப்பை ஆரம்பித்தவர் மானுவல் ஆரன். பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த அவர், பயிற்சியாளரோ போதிய புத்தகங்களோ இல்லாத காலத்தில் சுயமாகக் கற்று, 1961ல் இந்தியாவின் முதலாவது இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1959க்கும் 1981க்கும் இடையே ஒன்பது முறை தேசிய சாம்பியன் பட்டம் பெற்றார். 1962ல் ஸ்டாக்ஹோமில் நடந்த, உலகப் பட்டத்துக்கான தகுதிச் சுற்றாகிய இன்டர்சோனல் போட்டியில் போர்டிஷ், ஊல்மன் என்னும் இரண்டு பெரிய வீரர்களை வென்றும், மொத்தத்தில் அவருக்குக் கடைசி இடமே கிடைத்தது. தனியே கற்றவன் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் அவனுக்குத் துணை வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் அனுபவத்தில் அறிந்த அவர், பின்னால் வருகிறவர்கள் கூடிக் கற்பதற்கு ஓர் இடம் வேண்டுமென்று கருதியது இயல்பே.

தால் கிளப்பில் பிளிட்ஸ் என்னும் துரித ஆட்டத்துக்கு ஒரு சம்பிரதாயம் இருந்தது: வென்றவர் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை, தோற்றவர் எழுந்து, காத்திருப்போர் வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் ஆட்டம் கற்று, தந்தையாரின் உத்தியோக நிமித்தம் மணிலாவில் சில காலம் இருந்து திரும்பிய விசுவநாதன் ஆனந்த், தம் அசாத்திய வேகத்துக்கு இந்த நாற்காலியைத் தக்கவைத்துக்கொள்ளும் ஆசை ஒரு காரணம் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். வரிசையில் நிற்கிறவனுக்கும் கிடைத்த லாபம் கொஞ்சமல்ல. வயதும் உத்தியோகமும் அங்கே கணக்கில் வாரா. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஆபீஸ் முடிந்து வந்த பெரியவரிடம், "ஸார், அந்த யானையை நீங்கள் அங்கே வைத்திருக்கக் கூடாது" என்று சொன்னால், அவர் கோபிக்காமல் காயைத் திருப்பி வைத்துப் பார்ப்பார். பெரியவர் பேச்சுக்குச் சிறியவர் எதிர்ப்பேச்சுப் பேசலாகாது என்ற ஆசாரம் வேரூன்றிய நம் சமூகத்தில் இப்படிப்பட்ட இடங்கள் அபூர்வம். ஆனந்த் 1987ல் ஜூனியர் உலக சாம்பியனும் 1988ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரும் ஆனதில் அவருடைய பிறவி மேதைமையே முதற்காரணம் என்றாலும், அந்த மேதைமைக்கு உரைகல்லாக இருந்தது இப்படிக் கூடிப் பேசிய கூட்டம்.

அதே ஆனந்துக்கு நாற்பதைக் கடந்த பருவத்திலும் அந்தப் பேச்சுத்தான் கை கொடுத்தது. 2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையில், மாக்னஸ் கார்ல்ஸனிடம் ஆறரைக்கு மூன்றரை என்ற கணக்கில் தோற்று உலக சாம்பியன் பட்டத்தை இழந்தபின், சாம்பியனுக்கு அடுத்த எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் கலந்துகொள்வதா வேண்டாமா என்று அவர் தயங்கினார். அடுத்த மாதம் லண்டனில், விருந்துண்ணும் வேளையில், அந்தப் போட்டியில் அவசியம் ஆட வேண்டும் என்று வற்புறுத்தி அவர் மனத்தை மாற்றியவர் விளாதிமிர் கிராம்னிக். இவர் 2008ல் பான் நகரத்தில் ஆனந்திடமே உலகப் பட்டப் போட்டியில் தோற்றவர். வரப்போகும் போட்டியில் தாமும் ஆடவிருந்தவர். தமக்குப் போட்டியாக வரக்கூடியவரை, "வாருங்கள், உங்களால் முடியும்" என்று அழைப்பதற்கு எத்தகைய சிநேகிதம் வேண்டும்! ஆனந்த் போனார், 2014ன் அந்தப் போட்டியில் கிராம்னிக் உட்பட அனைவரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார்.

இப்பொழுது இந்தப் பழக்கத்துக்கு ஒரு சோதனை வந்திருக்கிறது. 1997ல் 'டீப் புளூ' என்ற கணிப்பொறி காஸ்பரோவைத் தோற்கடித்தபின் யந்திரங்களின் பலம் வளர்ந்துகொண்டே போய், இன்று சட்டைப் பையிலுள்ள தொலைபேசியே உலக சாம்பியனைக் காட்டிலும் வலிமையோடு ஆடுகிறது. இரண்டு பேர் அரைமணி நேரம் வாதாடிக் காண வேண்டிய விடையை அது அரை நொடியில் எண்ணாகக் காட்டிவிடுவதனால், எதிராளியிடம் கேட்பானேன் என்று பலர் நினைக்கிறார்கள். யந்திரத்தின் தீர்ப்பில் பிழை காண்பது அரிது. ஆனால் பதினெட்டாவது நகர்வு தவறு என்று அது சொல்லுமே தவிர, அந்தத் தவறு அவசரத்தினால் வந்ததா, அச்சத்தினால் வந்ததா, முந்தைய நாள் தோல்வியை நினைத்துக்கொண்டிருந்ததனால் வந்ததா என்று அது கேளாது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன சென்னைப் பிள்ளை குகேஷ், யந்திரங்களின் துணையோடு வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவரும், ஆனந்தைப் போன்ற மூத்தோரின் வழிகாட்டுதலுக்கு மேல், 2011ல் இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த பாடி அப்டன் என்னும் மனப்பயிற்சியாளரைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார். செஸ் நகர்வுகளைக் கற்றுத் தருவது அவருடைய வேலையன்று. தோற்ற டிங்கோ, மனச்சோர்வினால் தாம் பட்ட துன்பத்தைப் பகிரங்கமாகவே உலகுக்குச் சொன்னவர். பட்டம் வென்ற வேளையில் குகேஷ் அவருடைய போராட்டத்தை மனமாரப் புகழ்ந்தார்.

ஆகையால், பிள்ளைகளை வாரந்தோறும் போட்டிகளுக்கு அழைத்துச் செல்லும் நம் ஊர்ப் பெற்றோர்களுக்குச் சொல்லக்கூடிய யோசனை ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்து குழந்தை வெளியே வந்ததும், தொலைபேசியை நீட்டி யந்திரம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், எதிரே அமர்ந்து ஆடிய குழந்தையையும் கூப்பிட்டு, இருவரையும் ஒரு பலகையின் முன் சிறிது நேரம் உட்கார வைத்துப் பேசவிடுங்கள். அவர்கள் கண்டுபிடிக்கும் விடைகளில் பாதி தவறாக இருக்கலாம். அதைத் திருத்த யந்திரம் பிறகும் இருக்கும். தன் பிழையை மற்றொருவர் முன்னிலையில் கூசாமல் ஒப்புக்கொள்ளும் திறனையும், வென்றபின் எதிராளியின் நல்ல யோசனையை மதிக்கும் குணத்தையும் மட்டும் அது கற்றுத் தராது. அவை இரண்டும் சதுரங்கத்தைவிட நீண்ட காலம் அவர்களுக்குப் பயன்படும்.