மின்வெட்டு காப்பாற்றிய கப்பல் கம்பெனி

மின்வெட்டைத் திட்டாதவர்கள் யார்? ஆனால் 2017-இல் உலகின் மிகப் பெரியதாக இருந்த கண்டெய்னர் கப்பல் கம்பெனியைக் கரையேற்றியதே ஒரு மின்வெட்டுதான் என்றால் நம்ப முடிகிறதா?

2017 ஜூன் 27. உக்ரைனில் பலரும் கணக்கு எழுதப் பயன்படுத்திய எம்.இ.டாக் என்ற மென்பொருளின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற வைரஸ் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனத்துக்குள்ளும் புகுந்தது. கோப்புகளை மீட்க 300 டாலர் கேட்டது. கொடுத்தாலும் திரும்பக் கிடைக்காது. அழிப்பதுதான் அதன் வேலை! சில மணி நேரத்தில் மெர்ஸ்க் அலுவலகங்களில் திரைகள் வரிசையாகக் கறுத்தன. துறைமுக வாசல்களில் லாரிகள் தேங்கின. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் தப்பவில்லை.

பேக்கப் எடுத்து வைக்கவில்லையா? வைத்திருந்தார்கள். பெரும்பாலான சர்வர்களுக்கு மூன்று முதல் ஏழு நாள் பழைய நகல்கள் கைவசம் இருந்தன. டொமைன் கன்ட்ரோலருக்குத்தான் இல்லை. யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர் அது. அது எழுந்தால்தான் மற்றவை எழும். உலகம் முழுக்க அப்படிச் சுமார் 150 சர்வர்கள் இருந்தன. எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒன்று கெட்டால் மற்றவை இருக்கின்றனவே என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஒரு ஹார்ட் டிஸ்க் பழுதானால், ஒரு கட்டடம் எரிந்தால், அந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஒரே நெட்வொர்க்கில் கோர்த்த அத்தனையும் ஒரே நாளில் போவது அதில் இல்லை. உண்மையில் அது பேக்கப்பே அல்ல, ஒரே பொருளின் 150 பிம்பங்கள்!

இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் கூடிய மீட்புக் குழு ஊர் ஊராகப் போன் போட்டுத் தேடியது. ஆப்பிரிக்காவின் கானா நாட்டு அலுவலகத்தில் ஒரே ஒரு சர்வர் மட்டும் பிழைத்திருந்தது. வைரஸ் வரும் முன்பே அங்கே மின்சாரம் போய், சர்வர் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததுதான் காரணம்.

நகலை இணையம் வழியாக அனுப்பலாம் என்றால், அங்கிருந்த இணைப்பின் வேகத்துக்குப் பல நாள் ஆகும். நேரில் கொண்டு போகலாம் என்றால், கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. கடைசியில் ஒருவர் நைஜீரியாவுக்குப் பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தார். அவர் அதை லண்டனுக்குக் கொண்டு போனார்.

4,000 சர்வர்கள், 45,000 கணினிகள், எல்லாவற்றையும் 10 நாளில் புதிதாக நிறுவியதாக நிறுவனத்தின் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் சொன்னார். நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனம் மதிப்பிட்டது. கானா மின்வாரியத்துக்குத் தர வேண்டிய நன்றிக்கடன் அதில் சேரவில்லை!