ரப்பர் கார்டு வந்த வழி: பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் உடல் நெகிழ்வின் வரலாறு

மல்லாந்து கிடந்தபடியே ஒருவர் வெல்லலாம் என்பது பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் அடிப்படை. எதிராளியைத் தம் கால்களுக்கு நடுவே அடக்கி, அங்கிருந்தே புரட்டவோ நெரிக்கவோ முயலும் அந்த நிலைக்குக் கார்டு என்று பெயர். அதில் ரப்பர் கார்டு போன்ற வகைகள் உடல் மிகவும் வளைவதைக் கேட்பவை. அவை இயல்பிலேயே நன்கு வளையும் உடம்புக்காரர்களின் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வரலாற்றைப் பார்த்தால், பிடி கிடைக்காத இடத்திலும் உடம்பில் ஒன்று குறைந்த இடத்திலும்தான் புதிய கார்டுகள் முளைத்திருக்கின்றன.

அடித்தளம் ஜப்பானியருடையது. கோடோகன் ஜூடோ வீரர் மிட்சுயோ மயேடா 1914இல் பிரேசில் வந்தார். பெலேம் நகரில் அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேஸி. கார்லோஸின் தம்பி, மெலிந்த உடல்வாகு கொண்ட ஹெலியோ, கீழிருந்து போராடும் முறையை உருவாக்கினார் என்பது அக்குடும்பத்தார் சொல்லிவரும் கதை. அதை அப்படியே ஏற்க இயலாது. ஜப்பானிய உயர்கல்விக் கூடங்களில் வளர்ந்த கோசென் ஜூடோவில் தரைப் பிடிகள் ஏற்கெனவே நுணுக்கம் பெற்றிருந்தன. கழுத்தையும் ஒரு கையையும் கால்களுக்கிடையே சேர்த்து நெரிக்கும் முக்கோணப் பிடியும் ஜூடோவுடையதே. கீழே கிடந்து நெடுநேரம் பொறுத்தும் போராட முடியும் என்று காட்டியதே ஹெலியோவின் பங்கு.

1980களில் ரியோவில் கார்டு கிளைவிடத் தொடங்கியது. கார்ல்சன் கிரேஸியின் மாணவர் ரிகார்டோ டி லா ரிவா, எதிராளியின் முன்காலை வெளிப்புறமாகச் சுற்றிக் கொக்கி போடும் நிலையைப் பெயர்பெறச் செய்தார். ராபர்ட்டோ ‘கோர்டோ’ கொர்ரேயாவுக்கு முழங்காலில் அடிபட்டது. அதனால், எதிராளியின் ஒரு காலை மட்டும் தம் கால்களுக்கிடையே பூட்டும், அதுவரை பெரும்பாலும் தற்காப்புக்கே பயன்பட்ட ஹாஃப் கார்டை அவர் தாக்கும் நிலையாக மாற்றினார்.

ரப்பர் கார்டுக்கான வழியைத் திறந்ததும் இப்படியொரு குறைதான். ழான் ஜாக் மச்சாடோ இடக்கையில் விரல்கள் முழுமையாக வளராமல் பிறந்தவர். பயிற்சி அங்கியின் கைப்பகுதித் துணியை இறுகப் பற்ற முடியாத அந்தக் கை, எதிராளியின் அக்குளுக்குள்ளும் தோளுக்கு மேலும் நுழைந்து அணைத்துப் பிடிக்கப் பழகியது. 1999இல் அபுதாபியின் ஏடிசிசி போட்டியில் அவர் தம் எடைப்பிரிவில் வென்றார். அது அங்கி கட்டாயமில்லாத போட்டி. துணியை நம்பாத பிடிகளுக்கு ஏற்ற களம். கலிபோர்னியாவில் அவரிடம் பயின்றவர் எடி பிராவோ. கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் வியர்வையில் வழுக்கும் வெற்றுடம்பைக் கீழிருந்து எப்படிப் பிடித்து வைப்பது, மேலிருந்து விழும் குத்துகளை எப்படித் தடுப்பது என்பது பிராவோவின் கேள்வி. தம் காலையே கயிறாக்குவது அவர் கண்ட விடை. அதுவே ரப்பர் கார்டு.

முதலில் எதிராளியின் இடுப்பைக் கால்களால் பூட்டி, தலையைத் தம் மார்பருகே இழுக்க வேண்டும். பிறகு இடுப்பைச் சற்றே சாய்த்து, இடக்காலை அவருடைய தோளுக்கு மேல் உயர ஏற்றி, பின்கழுத்தை ஒட்டிக் குறுக்காகப் போட வேண்டும். வலக்கை எதிராளியை விட்டுத் தம் இடக்கணுக்காலைப் பற்றுகிறது. அதன்பின் அவர் நிமிர முயன்றால் ஒரு முழுக் காலின் வலுவோடு மோத வேண்டியிருக்கும்.

2003இல் சாவோ பாவ்லோவில் நடந்த ஏடிசிசி போட்டியில், அப்போது பழுப்புப் பட்டை வீரரான பிராவோ, ஹெலியோவின் மகன் ராய்லர் கிரேஸியைச் சரணடையச் செய்தார். அதே ஆண்டில் டென்த் பிளானட் பள்ளியைத் தொடங்கினார். அந்த வெற்றியை ரப்பர் கார்டின் கணக்கில் எழுதுவது மிகை. ஆட்டத்தை முடித்தது பழைய முக்கோணப் பிடி. கால் நெகிழ்வின் வலிமைக்குத் தெளிவான சான்று 2006 டிசம்பர் 31 அன்று பிரைட் என்ற கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி மேடையில் கிடைத்தது. ஷின்யா அவோகி தம் கீழ்க்கால் எலும்பை யோகிம் ஹான்சனின் தொண்டையில் அழுத்திச் சரணடைய வைத்தார்.

நெகிழ்வைத் தூண்டிய இன்னொரு காரணம் போட்டி விதி. கீழிருந்து புரட்டி மேலே வந்தால் 2 புள்ளி, முதுகைப் பிடித்தால் அதற்கும் மேல் என்பதால், ரஃபேல் மென்டெஸ், மியாவ் சகோதரர்கள் போன்றோர் தோளில் உருண்டு எதிராளியின் முதுகுக்குப் போகும் பெரிம்போலோவை மெருகேற்றினார்கள்.

கற்பவர் கவனிக்க வேண்டியது இடுப்பு மூட்டை. தொடை வெளிப்புறமாகத் திரும்பினால்தான் கால் கழுத்துவரை எட்டும். அது திரும்பாதபோது கணுக்காலைப் பிடித்து இழுத்தால், முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கித் தசைநாரைக் கிழிக்கக்கூடும். தரையில் அமர்ந்து, கீழ்க்காலை இரு கைகளாலும் குழந்தையைப் போல ஏந்தி மார்போடு அணைக்கும் பயிற்சி இடுப்பைப் பதமாக்கும். நாம் அறிந்த பத்தகோணாசனமும் உதவும். எதிராளியின் எடை சேரும் முன்பே இந்த அசைவு தனியாக, வலியின்றி வர வேண்டும். மாதக்கணக்கில் பழகியும் வராதவர்கள் முழங்காலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. கோர்டோ அடிபட்ட காலோடு வளர்த்த ஹாஃப் கார்டு அவர்களுக்குப் பொருந்தும்.