பாட்டு ஏற்றித் தரப்படும்

சோனி நிறுவனம் 1979 ஜூலையில் ஜப்பானில் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆப்பிள் 2001 அக்டோபரில் ஐபாடை அறிமுகப்படுத்தியது. கையோடு கொண்டுபோகும் இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டு தேதிகளைச் சுற்றியே எழுதப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில், காமயகவுண்டன்பட்டி மாதிரி ஓர் ஊரில் நின்று பார்த்தால் இந்தக் கதை ஒட்டவில்லை. திராட்சைப் பந்தலும் நெல்வயலும் கூலி வேலையுமாக வாழும் வட்டாரத்தில் ஐபாட் என்பது பேச்சுக்குக்கூட வராத பொருள். ஆனாலும் பாட்டு அங்கே பல பத்தாண்டுகளாக ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. மலையேறி எல்லை தாண்டியும் போயிருக்கிறது. அதைக் கொண்டுபோனதில் கருவிக்கு இருந்த பங்கைவிட, பாட்டைத் தேர்ந்து வரிசைப்படுத்திக் கொடுத்த ஆளின் பங்கு பெரிது என்பது என் வாதம். சவுண்ட் சர்வீஸ்காரர், ரெக்கார்டிங் சென்டர்காரர், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்த செல்போன் கடைக்காரர் ஆகியோரின் வேலையைத்தான் இன்று இசை மென்பொருள் தானே செய்வதாகச் சொல்கிறது. தமிழ்ப் பாட்டைப் பொறுத்தவரை அது இன்னும் அவர்கள் அளவுக்கு வரவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பாட்டு மலையேறிய கதையில் ஆர்மோனியத்துக்கு முக்கியமான இடம் உண்டு. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடியவர். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே அவர் குரல் ஒலித்தது. அவருடைய குழுவோடு ஊர் ஊராகப் போய்த்தான் தம்பி இளையராஜா தொழில் பழகினார். ஜனங்களுக்கு ஏற்கெனவே பழக்கமான மெட்டில் புதுச் சொல்லை வைத்துப் பாடுவது பாவலரின் வழி. எந்த ஊரில் எந்த மெட்டு எடுபடும், எதை முதலில் எடுப்பது, கூட்டம் கலையாமல் எதைக் கடைசிக்கு வைத்திருப்பது என்ற கணக்கு இல்லாமல் அந்த வேலை நடந்திருக்காது. அதே கணக்கு சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் வேண்டியிருந்தது. 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் ஓடும். கல்யாண வீட்டில் முதலில் பிள்ளையார் பாட்டு, பந்தி நேரத்தில் ஒன்று, பெண்ணை அனுப்பிவைக்கும்போது இன்னொன்று என்று மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அவர் முடிவெடுத்தாக வேண்டும்.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் உருவாக்கிய கேசட் நம் ஊர்களுக்குப் பரவலாக வந்தது எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும்தான். வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் டூ-இன்-ஒன் கொண்டுவந்தார்கள். இறக்குமதி விதிகள் தளர்ந்தன. 1976இல் அன்னக்கிளியோடு இளையராஜா வந்து சேர்ந்திருந்ததால், கேசட்டும் பள்ளத்தாக்கின் சொந்த இசையும் ஒன்றாகவே வளர்ந்தன. சின்ன ஊர்களில் கம்பெனி கேசட்டை அப்படியே வாங்கியவர்களைவிட, துண்டுச் சீட்டில் பாட்டுப் பட்டியல் எழுதி வெற்றுக் கேசட்டோடு ரெக்கார்டிங் சென்டர் கடையில் கொடுத்தவர்களே அதிகம். கடையில் நோட்டுப் புத்தகம் இருக்கும்: படத்தின் பெயர், இசையமைப்பாளர், பாட்டின் முதல் அடி. கடைக்காரரின் கைவண்ணம் அதற்குப் பிறகுதான் தெரியும். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டுகள் ஆறு பதிந்தால் மூன்று நிமிடம் மிஞ்சும். அதில் இன்னொரு நாலரை நிமிடப் பாட்டை வைத்தால் பாட்டு முடிவதற்குள் நாடா தீர்ந்துவிடும். சும்மா விட்டால் வாடிக்கையாளர் குறைப்படுவார். மூன்று நிமிடத்தில் முடிகிற பாட்டு எது, அது முன்னால் ஓடிய சோகப் பாட்டோடு சேருமா என்று பார்த்து வைப்பார். கடைசியில் கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துத் தருவார், யாரும் தவறி மேலே பதிந்துவிடாமல் இருக்க. கம்பம் மெட்டும் குமுளியும் ஏறி ஏலத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோன ஜீப்புகளில் ஓடியவை இப்படிப்பட்ட கேசட்டுகள். இந்த வட்டாரத்தின் வாக்மேன் என்று எதையாவது சொல்வதானால் அந்த ஜீப் டெக்கைத்தான் சொல்ல வேண்டும். ஒரு காதுக்கு மட்டுமல்ல, பத்துப் பதினைந்து பேருக்கு ஒரே சமயத்தில் பாடியது அது.

இது அப்பட்டமான திருட்டு அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டப்படி அவர்கள் சொல்வது சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1984இல் திருத்தி, குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை என்று வைத்ததும், ஒவ்வொரு கேசட்டிலும் தயாரித்தவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்றதும் இந்தக் கடைகளையும் மனதில் வைத்துத்தான். அனுமதியில்லாமல் பதிந்து விற்றதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் முறையாக விற்ற கேசட்டின் பணமும் மெட்டமைத்தவரிடமும் பாட்டெழுதியவரிடமும் உரிய அளவில் போய்ச் சேரவில்லை. அவர்களிடமிருந்து ராயல்டி உரிமையை முழுதாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று சட்டம் சொல்வதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கடைகள் செய்தவை இரண்டு: பிறர் சொத்தைப் படியெடுத்தது ஒன்று, கேட்பவர் மனமறிந்து தொகுத்தது இன்னொன்று. முதலாவது குற்றம் என்பதால் இரண்டாவதில் இருந்த திறமை இல்லாமல் போய்விடாது.

அந்தத் திறமையின் அருமை கணினி வந்தபோது தெரிந்தது. எம்பி3 கோப்போடு பாட்டின் விவரத்தைச் சேர்த்துவைக்க 1996இல் ஐடி3 என்ற முறை வந்தது. தலைப்புக்கு 30 பைட், கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30. அதில் யூனிகோட் கிடையாது. இசையமைப்பாளருக்கு இடமே கிடையாது. காமயகவுண்டன்பட்டி என்ற ஊர்ப்பெயரை இன்று யுடிஎஃப்-8 முறையில் எழுதினால் 51 பைட் ஆகும். ஆங்கிலத்தை அளவுகோலாக வைத்து வெட்டிய அந்தப் பெட்டியில் அது நுழையாது. எழுத்துச் சிக்கலைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடுக்கும் முறை. வின்ஆம்பும் ஐடியூன்ஸும் கலைஞர், ஆல்பம் என்ற வரிசையை மேற்கத்தியக் குழுக்களை மனதில் வைத்து உருவாக்கின. நமக்குப் பாட்டு முதலில் ஒரு படத்தைச் சேர்ந்தது, அடுத்து இசையமைப்பாளரைச் சேர்ந்தது, அதன் பிறகே பாடகரைச் சேர்ந்தது. ஒரே படத்தில் ஐந்து பேர் பாடியிருந்தால் மென்பொருள் அதை ஐந்து பேரின் கீழே சிதறடிக்கும். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதியிருந்தால் நாலு இளையராஜாக்களைக் காட்டும். பிந்திய ஐடி3 பதிப்பில் இசையமைப்பாளருக்கும் இடம் ஒதுக்கினார்கள், யூனிகோடும் வந்தது. ஆனால் நம் கைக்கு வந்த மலிவு விலைப் பிளேயர்கள் பலவும் அந்த விவரத்தைத் திரையில் காட்டவே இல்லை. ரெக்கார்டிங் சென்டர் நோட்டுப் புத்தகத்தில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை.

இரண்டாயிரங்களின் பிற்பகுதியில் ரீசார்ஜ் கடைகளில் ‘மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்ற பலகை தொங்கியதற்கும் இதுதான் காரணம். 128 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு ஏறக்குறைய 5 எம்பி பிடிக்கும். 2 ஜிபி கார்டில் நானூறு பாட்டு ஏறும். கடைக்காரர் ஐடி3யைத் திரும்பியும் பார்க்கவில்லை. படத்துக்கு ஒரு ஃபோல்டர், ‘சோகப் பாடல்கள்’ ஒரு ஃபோல்டர், ‘அம்மா பாடல்கள்’ ஒரு ஃபோல்டர் என்று நோட்டுப் புத்தகத்தை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தார். ஹெட்போன் வயரையே ஆன்டெனாவாக்கிக் கொடைக்கானல் பண்பலை கேட்ட அதே போனில் இந்த ஃபோல்டர்களும் ஓடின. அந்தத் தொழில்நுட்பத்தில் நேர்த்தி குறைவு என்பது உண்மை. ஆனாலும் ஃபோல்டர் வழி அடுக்கிக் காட்டும் பிளேயர்தான் தமிழ்ப் பாட்டுக்கு மிகப் பொருத்தமானது என்றே நினைக்கிறேன். அதில் அடுக்கும் உரிமை கேட்பவரிடமே இருக்கிறது.

இப்போது எல்லாப் பாட்டும் இணையத்தில் கிடைக்கிறதே, நடுவில் ஒரு கடைக்காரர் எதற்கு என்பது அடுத்த கேள்வி. இதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, அதை மனதார ஒத்துக்கொள்கிறேன். ரெக்கார்டிங் சென்டர் ஆண்கள் கூடும் இடம்; தனக்குப் பிடித்த பாட்டைத் தானே கேட்டு வாங்க ஒரு பெண் அங்கே எளிதில் போய் நின்றிருக்க முடியாது. 2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு, தோட்டத்தில் களையெடுக்கும் பெண் தன் போனில் தன் பாட்டைக் கேட்கிறார். இது சின்ன மாற்றம் அல்ல. மறு பாதியை நான் ஏற்கவில்லை. மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். உரிம ஒப்பந்தம் முடிந்தால் நேற்றிருந்த பாட்டு இன்று செயலியில் இருக்காது. எல்லாம் இருக்கிறது என்பதால் வேண்டியது வேண்டிய நேரத்தில் வந்துவிடுவதுமில்லை. இதற்கான சான்றை முந்தைய கிராமபோன் கம்பெனியான சரிகமவே தந்தது. கேசட் நகல்களால் சந்தையில் பெரும் அடிபட்ட அந்த நிறுவனம், 2017இல் 5000 இந்திப் பாட்டுகளை முன்கூட்டியே தொகுத்து அடைத்த கார்வான் பெட்டியை விற்றது. தமிழ்ப் பெட்டியும் பின்னால் வந்தது. இணையத்தில் கேட்கக்கூடிய பாட்டுகளையே காசு கொடுத்து வாங்கினார்கள் என்றால், வாங்கியது அந்தத் தொகுப்பைத்தானே?

பள்ளத்தாக்கின் ஜீப்புகளிலும் பேருந்துகளிலும் கேசட் டெக் இருந்த இடத்துக்கு பென் டிரைவ் வந்துவிட்டது. மலிவான யுஎஸ்பி செட்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அவற்றுள் சில பாட்டின் பெயரையும் எண்ணையும் பார்ப்பதில்லை; எந்தக் கோப்பு முதலில் பதிவானதோ அதையே முதலில் பாடும். நாற்பது பாட்டை மொத்தமாகப் பிடித்து இழுத்துப் போட்டால் வரிசை குலைந்துவிடக்கூடும் என்பதால், விவரம் தெரிந்த கடைக்காரர் ஒவ்வொரு பாட்டாக, ஓட வேண்டிய வரிசையிலேயே, பிள்ளையார் பாட்டிலிருந்து தொடங்கி ஏற்றுவார்.