புதுக்கோட்டை தந்த ஆதுலசாலைத் தலைவி

கொடும்பாளூர் மூவர் கோயில், இருக்குவேள் மரபினனாகிய பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தேவியர் கற்றளி, வரகுணை என்போர் பெயராலும் எடுத்ததென அதன் வடமொழிக் கல்வெட்டுக் கூறும். விமானம் மூன்றனுள் இரண்டே இன்று எஞ்சியுள்ளன. கோயில்கள் தேவியர் பெயரைப் பெற்றன; எடுப்பித்தவன் வேளே.

அவ்வூரை உள்ளடக்கிய புதுக்கோட்டைச் சீமையில் 1886இல் தோன்றிய முத்துலட்சுமி ரெட்டியோ, தாமே எடுப்பித்தவர். ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியிற் கற்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றமையையே வரலாறு எழுதுவோர் பெரிதும் பேசுவர். ‘முதற் பெண்’ என்னும் அடைமொழி அவருடைய நிருவாகத் திறனை மறைத்துவிட்டது என்பது எம் கருத்து.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டுமென 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவிற் கூறினார். அடையாற்றில் அது திறக்கப்பெற்றதோ 1954இல். இடைப்பட்ட 19 ஆண்டுகளில் அவர்க்கு வேண்டியிருந்தது மருத்துவ அறிவு மட்டுமன்று. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டத் தொடங்கினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். அரசினரிடம் எங்ஙனம் கேட்பது, கிடையாதபோது எங்ஙனம் மீண்டும் கேட்பது என்பதனைச் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவராயிருந்த காலத்தே அவர் பயின்றிருந்தார் எனலாம்.

தொடக்கத்தில் 12 படுக்கைகளே இருந்தன. (வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் ஆதுலசாலைக்கும் 15 படுக்கைகளே என்பது ஈண்டு நினையத்தகும்.) முத்துலட்சுமி 1968இல் மறைந்தார். 1955இல் அங்குச் சேர்ந்து, பின்னர்த் தலைமையும் ஏற்ற மருத்துவர் வி. சாந்தா, 2021இல் மறையுமளவும் அந்நிலையத்தை விட்டு அகன்றிலர்.