"மற்றவர்" என்பது யார்? 777-இன் கதை

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சர்வரில் வலைத்தளம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் சரி, படம் மட்டும் அப்லோட் ஆகவில்லை. "பர்மிஷன் டினைட்" என்று ஒரே பல்லவி. ராத்திரி பதினொன்றரை மணி. பொறுமை போய், எங்கேயோ படித்த கட்டளையை என் ஹோம் அடைவின் மேலேயே அடித்துவிட்டேன். சிஎச்மோட், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து, 777. படம் ஏறிவிட்டது. நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலையில் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகப் பார்த்தால் என் சாவியை சர்வர் ஏற்க மறுக்கிறது. ஊருக்கெல்லாம் கதவைத் திறந்து வைத்தவன் நான், வெளியே நிற்கிறவனும் நான்தான்! காரணம் பிறகுதான் புரிந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கிடக்கும் அடைவுக்குள் இருக்கிற சாவிப் பட்டியலை எஸ்எஸ்எச் நம்பாது. வேறு யாரோ தன் சாவியை அதில் செருகியிருக்கலாம் இல்லையா?

அந்த மூன்று ஏழுகள் எங்கிருந்து வந்தன என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் கணக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. முதல் இலக்கம் கோப்பின் உரிமையாளருக்கு, இரண்டாவது அவருடைய குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். அப்படியென்றால் 644 என்பது "நான் படிப்பேன், எழுதுவேன், மற்றவர்கள் படிக்கட்டும், தொடவேண்டாம்" என்று பொருள். 777 என்றால் "யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்."

ஒரு கணினியைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறை வந்த பிறகுதான் இந்தத் தலைவலியே ஆரம்பம். 1960களில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பு இருந்தது. அங்கே ஒரு நிர்வாகி பாஸ்வேர்ட் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொரு நிர்வாகி, லாகின் செய்கிறவர்களுக்குக் காட்டும் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். எடிட்டரின் வடிவமைப்பில் இருந்த பிழையால் இரண்டு பேருடைய தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறிவிட்டன. விளைவு? கொஞ்ச நேரத்துக்கு, யார் லாகின் செய்தாலும் எல்லாருடைய பாஸ்வேர்டும் அவர்கள் டெர்மினலில் அச்சாகி வந்தது.

அடுத்து வந்த மல்டிக்ஸ் இந்த விஷயத்தில் மிகவும் கவனமாக இருந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பட்டியல்: யாருக்கு என்ன அனுமதி என்று பெயர் பெயராக எழுதி வைக்கலாம். எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. வேலை இழுத்துக்கொண்டே போக, 1969இல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது. அதில் வேலை பார்த்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதே வருஷம் சின்னதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதுதான் யூனிக்ஸ்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. அதிலேயே சிஎச்மோட் இருக்கிறது. "சேஞ்ச் மோட்" என்பதன் சுருக்கம். ஆனால் இன்று நாம் பார்க்கும் சிஎச்மோட் இல்லை அது. மொத்தமே ஆறு பிட்டுகள். உரிமையாளர் படிக்கலாமா, எழுதலாமா. மற்றவர்கள் படிக்கலாமா, எழுதலாமா. இது இயக்கக்கூடிய கோப்பா. கடைசியாக "செட்-யூஐடி" என்று ஒன்று. குழு என்ற பேச்சே இல்லை. உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: நான், நான் அல்லாதவர்.

அது ஏன் போதுமானதாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். நியூஜெர்சியில் மரே ஹில் என்ற இடத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடம். அங்கே "மற்றவர்" என்றால் அதே வராந்தாவில் பக்கத்து அறையில் இருக்கிற சக ஊழியர். காபி குடிக்கும்போது பார்க்கிற முகம். அவர் கோப்பைத் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பதுதான் பெரும்பாலும் கவலை; திருடிவிடுவாரே என்று இல்லை.

பிறகு கூட்டம் பெருகியது. 1974இல் தாம்ப்சனும் ரிட்சியும் வெளியிட்ட புகழ்பெற்ற யூனிக்ஸ் கட்டுரையில் ஏழு பாதுகாப்பு பிட்டுகள் என்று எழுதியிருக்கிறார்கள். உரிமையாளருக்கு மூன்று, மற்றவர்களுக்கு மூன்று, அதோடு செட்-யூஐடி. அதே கட்டுரையின் திருத்திய வடிவம் 1978இல் வந்தபோது ஏழு பத்தாகிவிட்டது. நடுவில் புதிதாக வந்து உட்கார்ந்தது குழு. ஒரே திட்டத்தில் வேலை செய்கிறவர்களை ஊராரிடமிருந்து பிரிக்க வேண்டிய அவசியம் வந்துவிட்டது. இன்றைக்கும் நாம் அடிக்கும் மூன்று இலக்கங்கள் அப்போது முழுமையான அந்த ஒன்பது பிட்டுகள்தான். இலக்கத்துக்கு மூன்று பிட், அவ்வளவுதான் கணக்கு.

அந்தப் பத்தாவது பிட், செட்-யூஐடி, ரிட்சியின் யோசனை. பெல் லேப்ஸ் 1973இல் விண்ணப்பித்து, 1979இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. விஷயம் இதுதான்: பாஸ்வேர்ட் கோப்பில் எழுத ரூட்டுக்கு மட்டுமே அனுமதி. ஆனால் என் பாஸ்வேர்டை நானே மாற்ற முடியவேண்டுமே? அதற்காக, பாஸ்வேர்ட் மாற்றும் நிரலை நான் இயக்கினாலும் அது ரூட்டின் அதிகாரத்தோடு ஓடும். வங்கி லாக்கர் அறைக்குள் நம்மைத் தனியாக விடாமல், அலுவலர் ஒருவர் கூடவே வந்து திறந்துகொடுப்பது மாதிரி. அந்த அலுவலர் கவனமாக இருக்கிறவரை நல்ல ஏற்பாடு.

கவனமில்லாவிட்டால்? 1986இல் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நடந்தது. கிளிஃப் ஸ்டால் என்ற வானியலாளர் கணினிப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கணினி நேரத்துக்கான கணக்கில் 75 சென்ட் உதைக்கிறது, என்னவென்று பார் என்றார்கள். பார்க்கப் போனவர் ஒரு ஊடுருவலைக் கண்டுபிடித்தார். அங்கே ஈமாக்ஸ் எடிட்டரோடு வந்த மூவ்மெயில் என்ற சின்ன நிரலை, ரூட் அதிகாரத்தில் ஓடும் செட்-யூஐடி போட்டு நிறுவியிருந்தார்கள். அஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது அதன் வேலை. எங்கே நகர்த்துகிறோம், அந்த இடத்தில் எழுத இந்த ஆளுக்கு உரிமை உண்டா என்று அது கேட்கவில்லை. ஊடுருவியவன் தன் போலி நிரலைச் சிஸ்டம் அடைவுக்குள் அதை வைத்தே நகர்த்தினான். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை சிஸ்டம் தானாக இயக்கும் நிரலின் இடத்தில் அது போய் உட்கார்ந்தது. அடுத்த முறை ஓடியதும் அவன் ரூட்! தடம் பிடித்துப் போனால் ஜெர்மனியின் ஹானோவரில் மார்க்கஸ் ஹெஸ் என்பவர். திருடிய தகவல் சோவியத் கேஜிபிக்கு விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து அறை சக ஊழியரை மனதில் வைத்து ஆரம்பித்த பிட்டுகளுக்கு முன்னால், பதினைந்து வருஷத்தில் வந்து நின்ற "மற்றவர்" இவர்.

அடைவுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. அடைவைப் பொறுத்தவரை "இயக்க" என்றால் உள்ளே நுழைந்து போக. "எழுத" என்றால் அதில் பெயர்களைச் சேர்க்க, நீக்க. ஆகவே ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அந்தக் கோப்பின் அனுமதி தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் அடைவின் அனுமதிதான் தீர்மானிக்கிறது. கோப்புக்கு 600 போட்டு பத்திரமாக வைத்தாலும், அடைவு 777 என்றால் யாரும் அதைத் தூக்கிவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். எல்லாரும் எழுதியே ஆகவேண்டிய தற்காலிகக் கோப்புகளின் அடைவுக்கு இது பெரிய தொல்லை. 1986இல் வந்த பிஎஸ்டி 4.3, வேறு வேலைக்கு வைத்திருந்த ஸ்டிக்கி பிட்டை இதற்குப் பயன்படுத்தியது: யாரும் கோப்பு வைக்கலாம், ஆனால் அடுத்தவர் கோப்பை எடுக்க முடியாது. அந்த அடைவின் அனுமதி இன்றும் 1777. முன்னால் நிற்கும் அந்த 1தான் காவல்.

இப்போது என் சர்வருக்கு வருவோம். அதில் லாகின் செய்யும் மனிதன் நான் ஒருவன்தான். அப்போ "மற்றவர்" யார்? வெப் சர்வர், டேட்டாபேஸ், மெயில்... ஒவ்வொன்றும் தனித்தனிப் பயனர் பெயரில் ஓடுகிறது. இன்றைய சர்வரில் மற்றவர் என்பது பெரும்பாலும் ஆள் இல்லை, நிரல். வலைத்தளத்தில் ஒரு ஓட்டை இருந்து யாராவது நுழைந்தால், அவர்கள் நுழைவது வெப் சர்வரின் வேஷத்தில்தான். நான் போட்ட மூன்றாவது 7, முகம் தெரியாத அந்த ஆளுக்கு முன்கூட்டியே கொடுத்த சாவி. ஒரு ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தது.

தேவைப்பட்டது என்னவோ ரொம்பச் சின்ன விஷயம். அப்லோட் அடைவு ஒன்றை மட்டும் வெப் சர்வரின் குழுவுக்கு மாற்றி, 775 போட்டிருந்தால் போதும். 1971இல் இல்லாமல் பிற்பாடு சேர்த்தார்களே, அந்த நடு இலக்கம் இதற்காகத்தான் இருக்கிறது.

இப்போதெல்லாம் 777 என்று விரல் போகும்போது கடைசி 7-க்கு முன்னால் ஒரு நொடி நிறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்: இது யாருக்கு? பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் 0 போட்டுவிடுகிறேன். ஏதாவது ஓடாமல் போனால், யாருக்கு அது தேவை என்று அப்போது தானாகத் தெரிந்துவிடும்.