கருமணலும் ஏலூரும்

வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் தென்குமரி நாட்டினர் பலர். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலை அவர்கள் நன்கு அறிவர். அம்மணல் பெரியாற்றங்கரை ஏலூருக்குச் சென்ற வரலாற்றை இங்கே ஆராய்வோம்.

திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பா சென்ற கயிற்றுச் சரக்கில் மணல் ஒட்டியிருந்தது. அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை 1909-ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டறிந்தார். அதிலுள்ள தோரியம் அக்காலத்து வாயு விளக்குகளின் வலைத்திரிக்கு இன்றியமையாதது. ஆகவே மணல் கப்பலேறியது. கருமையான இல்மனைட் முதலில் கழிவென ஒதுக்கப்பட்டது. வெள்ளை வர்ணம் செய்ய உதவுமென்று தெரிந்தபின், 1920-களில் அதுவும் பெருஞ் சரக்காயிற்று.

ஒன்றாய்க் கலந்து கிடக்கும் மணிகளைப் பிரிப்பது எங்ஙனம்? அவற்றின் இயல்பே வழிகாட்டுகிறது. மின்னேற்றப்பட்ட மணல் சுழலும் உருளையின் மீது விழும்போது, மின்சாரத்தைக் கடத்தும் இல்மனைட்டும் ரூட்டைலும் எகிறி விழுகின்றன. கடத்தாத மோனசைட்டும் சிர்க்கானும் உருளையோடு ஒட்டிக்கொள்கின்றன. அடுத்து காந்தம் வேலை செய்கிறது. இல்மனைட் இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஆக்ஸைடு. அதன் இரும்பு அணுக்களில் இணை சேராத எலெக்ட்ரான்கள் உண்டு. ஆதலால் காந்தம் அதை ஈர்க்கிறது. ரூட்டைலில் டைட்டேனியத்தின் வெளி எலெக்ட்ரான்கள் யாவும் ஆக்ஸிஜனோடு பிணைந்துவிட்டன. காந்தம் அதைத் தீண்டுவதில்லை. மோனசைட்டோ அதிலுள்ள அருமண் உலோகங்களால் காந்தத்திற்குச் சற்றே இணங்கி, சிர்க்கானிலிருந்து பிரிகிறது.

இவ்வாறு பிரித்தும் நெடுங்காலம் நாம் மூலப்பொருளையே விற்றோம். அணுயுகம் பிறந்ததும் நிலைமை மாறிற்று. 1940-களின் பிற்பகுதியில் மோனசைட் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. 1950-இல் மத்திய அரசும் திருவிதாங்கூர்-கொச்சி அரசும் இணைந்து இந்திய அருமண் நிறுவனத்தை நிறுவின. உரத் தொழிற்சாலை முன்பே எழுந்திருந்த ஏலூரில் அதன் ஆலை அமைந்தது. 1952 டிசம்பர் 24 அன்று பிரதமர் நேரு அதைத் தொடங்கி வைத்தார். அங்கே மோனசைட்டைப் பொடித்து, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, தோரியத்தையும் அருமண் உலோகங்களையும் வேறாக்கினர்.

1956 நவம்பர் முதல் நாள் மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு இணைந்தது. ஏலூர் கேரளத்தில் நின்றது. எனினும் மணலுக்கும் ஆலைக்கும் உள்ள உறவு அறவில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மணலை அள்ளி விற்றவனுக்குக் கூலி கிடைத்தது. அதன் குணமறிந்து பிரித்தவனுக்குச் செல்வம் கிடைத்தது. ஆயினும் கணக்கு அங்கே முடிவதில்லை. கடற்கரை தேய்வது பற்றி மீனவரும், ஆற்றின் மாசு பற்றி ஏலூர் மக்களும் எழுப்பும் குரல் இன்றும் ஓயவில்லை. கனிமங்களைப் பிரிக்கத் தெரிந்துகொண்ட நாம், நன்மையையும் தீமையையும் நியாயமாகப் பங்கிடவும் கற்க வேண்டும். அந்தப் பாடம் இன்னும் எஞ்சியிருக்கிறது.